டொராய் கொண்டு வந்த தண்ணீர்

மானாங் டொராய் கையில் தண்ணீரோடு வந்தால் எங்கள் வார்டில் பெற்றவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். பாதிரியார் வரும்வரை தாங்காது என்று தெரிந்த குழந்தையின் தலையில் அவள்தான் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைப்பாள். சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் திருச்சபை வழக்கம். பத்தொன்பது வருஷமாகக் கொடுக்கிறாள். அதனால், நேரில் மானாங், அதாவது அக்கா, என்று கூப்பிட்டுவிட்டு முதுகுக்குப் பின்னால் அவளை அபசகுனம் என்று பேசுகிறவர்கள் உண்டு. அந்த வாய்களில் பினாயிலை ஊற்றினால் என்ன என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. தரை துடைக்கிற வேலை என்னுடையது, பினாயில் எப்போதும் கைவசம் இருக்கும்.

செபூ தீவின் தெற்குப் பக்கத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி எங்களுடையது. குறைமாதக் குழந்தைகள் பதினெட்டு, நர்ஸ் டொராய் ஒருத்திதான். அவளோடு படித்தவர்கள் எல்லாரும் லண்டனிலும் ரியாத்திலும் இருக்கிறார்கள். நீ ஏன் போகவில்லை என்று கேட்டால், "லண்டன்ல குளிரும்டி" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பிடுங்க முடியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பொடிசு வந்தது. முப்பதாவது வாரத்தில் பிறந்த ஆண் குழந்தை, எடை ஒரு கிலோவும் சொச்சமும். தாய் ஆபரேஷன் முடிந்து கீழ்மாடியில் மயக்கத்தில் கிடந்தாள். குழந்தைக்குத் தானாக மூச்சு விடத் தெம்பில்லை. எங்களிடம் மூச்சு மிஷின் இரண்டுதான், இரண்டிலும் குழந்தைகள் இருந்தன. மிஷின் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் வீட்டு ஆள்தான் மிஷின். தொண்டைக்குள் போகிற குழாயின் நுனியில் ரப்பர் பையை மாட்டி அப்பன் கையில் கொடுத்துவிடுவோம். அவன் அமுக்க அமுக்கக் குழந்தைக்கு மூச்சு.

அப்பன் பெயர் கிறிசாந்தோ. மீன்பிடிக்கிறவன், வலை இழுத்துக் காய்த்த கை. டொராய் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தோங், இந்தக் கைய வெச்சுக்கிட்டு நீ சுறாவுக்கு வேணா மூச்சு குடுக்கலாம்" என்றாள். சின்ன வயசு ஆண்கள் எல்லாருமே அவளுக்குத் தோங்தான்.

அவன் சிரிக்கவில்லை. அவள் அவனுடைய சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மடக்கிப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். பலசாலி அப்பன்களுக்கு அவள் செய்கிற வேலை இது.

"கட்டைவிரலும் மிச்ச ரெண்டு விரலும் போதும். ஒரு அமுக்கு, ரெண்டு எண்ணுற நேரம் விடு. நெஞ்சு லேசா ஏறினாப் போதும். அதிகமா அமுக்கினா நுரையீரல் வெடிச்சிரும், புரியுதா?"

"புரியுது மானாங். மிஷின் எப்பக் கிடைக்கும்?"

"கிடைக்கும்போது கிடைக்கும். நீ அமுக்கு."

ஆறு மணி நேரம் அமுக்கினான். மாற்று ஆள் இல்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, உதடு வெடித்துப் போயிருந்தது. மானிட்டர் திரையில் ஆக்சிஜன் தொண்ணூற்றிரண்டு என்று நின்றது. அவனைப் பார்த்து டொராய்க்கு மனசு இளகி, ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் மொண்டு கொண்டு போனாள்.

அவன் நிமிர்ந்தான். தம்ளரைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

"வேணாம்! என் பிள்ளைக்கு ஊத்தாதீங்க! அவன் சாகலை!" என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் பையைப் பிழிந்தான். ஒரு தடவை இல்லை, ஐந்தாறு தடவை.

தொண்ணூற்றிரண்டு எழுபதானது. எழுபது ஐம்பதானது. குழந்தை நீலம் பாரித்துவிட்டது. நெஞ்சின் இடப்பக்கம் உப்பி, அசையாமல் நின்றது.

டொராய் தம்ளரை வைத்துவிட்டுத் தன் செல்போன் டார்ச்சைப் போட்டு, குழந்தை மேல் துணியைக் கவிழ்த்து, உள்ளே தலையை விட்டு நெஞ்சில் வெளிச்சத்தை ஒற்றினாள். வலப்பக்கம் இருட்டு. இடப்பக்கம் முழுக்கச் சிவப்பாக ஒளிர்ந்தது. நுரையீரல் ஓட்டையாகிக் காற்று அதற்கு வெளியே நெஞ்சுக்குள் தேங்கிவிட்டது.

"டாக்டரைக் கூப்பிடு."

கூப்பிட்டேன். டாக்டர் டுமலாக் ஆபரேஷனில் இருந்தார், வயிறு திறந்திருக்கிறது, பத்து நிமிஷம் ஆகும் என்றார்கள். திரையில் முப்பத்தெட்டு.

டொராய் மெல்லிய ஊசியை எடுத்தாள், வால் மாதிரி நீளக் குழாய் உள்ள ஊசி.

"மானாங், நர்ஸ் அதைப் போடக் கூடாது. உங்க லைசென்ஸ் போயிரும்" என்றேன்.

"போனா மீன் விக்கிறேன். டார்ச்சைப் பிடிடி." பிறகு அவனிடம் திரும்பினாள். "நீ நிறுத்தாத. மூணு விரல்."

"என்னால முடியாது. நான்தான் கொன்னுட்டேன்..."

"அழுகையெல்லாம் அப்புறம். எனக்கு இருக்கிறது ரெண்டு கைதான். அமுக்குடா!"

அவன் அமுக்கினான். கண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது, துடைக்கக் கையில்லை. டொராய் குழாயின் வாலைத் தம்ளர் தண்ணீருக்குள் விட்டாள். விலா எலும்பைத் தடவி, அதன் மேல் விளிம்பை ஒட்டி ஊசியை இறக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மயிரிழை இன்னும் இறக்கினாள்.

தம்ளரில் குமிழி வந்தது. ஒன்று, பிறகு ஒன்று, பிறகு பொலபொலவென்று, தேங்கியிருந்த காற்று.

ஐம்பது. அறுபத்தைந்து. எண்பத்தெட்டு.

டாக்டர் ஓடி வந்து முறையான குழாய் போட்டார். "ஊசி யார் போட்டது?" என்றார்.

"நான்தான் டாக்டர்."

அவர் கேஸ் ஷீட்டை வாங்கி, ஊசி போட்டவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டுப் போனார். எப்போது கூப்பிட்டாலும் ஆபரேஷனில் இருக்கிற அந்த மனுஷன் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அன்றோடு போயிற்று.

"தண்ணியைப் பார்த்ததும் பயந்துட்டேன் மானாங்" என்றான் கிறிசாந்தோ.

"குடிக்கக் கொண்டுவந்தேன்டா, மடையா" என்றாள்.

நாலு மணிக்கு லோய்டா என்ற தாயின் மகனுக்கு மூச்சு அடங்க ஆரம்பித்தது. பக்கத்து மிஷினில் பதினோரு நாள் போராடிய குழந்தை. டொராய் அவனுக்குத் தண்ணீர் ஊற்றி, லோய்டா சொன்ன பெயரை வைத்தாள். சற்று நேரத்தில் குழந்தை போய்விட்டது. கிறிசாந்தோ தலை நிமிராமல் அமுக்கிக்கொண்டே இருந்தான்.

அரை மணி கழித்து அந்த மிஷினைத் துடைத்து, குழாயெல்லாம் மாற்றி, அவன் மகனுக்கு மாட்டினோம். பையைக் கழற்றிய பிறகும் அவன் கை அப்படியே மடங்கி நின்றது. டொராய் பிளாஸ்திரியை உரித்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரித்தாள்.

"மானாங்..." என்றான். "காலையில இருந்து ஒரு மிஷின் காலியாகணும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டிருந்தேன்."

டொராய் அவன் விரலை விடவில்லை.

"இங்க எல்லாரும் அதைத்தான் வேண்டிக்கிறாங்க, தோங். பதினோரு நாளைக்கு முன்னால அவளும் அதைத்தான் வேண்டிக்கிட்டா" என்றாள். பிறகு எழுந்து போய், வெறுந்துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த லோய்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.