என் தாளில் விட்டுப்போன கட்டம்

இன்று திருச்சுழி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த விதைக்கடைக்காரரிடம் என் தாளைக் கொடுத்தேன்.

அதில் இருப்பது நம் தொகுதியின் ஒன்பது வேட்பாளர்களும் வேட்புமனுவோடு தாங்களே எழுதிக் கொடுத்த விவரங்கள்தான். படிப்பு, சொத்து, வழக்கு. எந்தக் கட்சிக்கும் சாயாமல், எல்லோருக்கும் ஒரே அளவு கட்டம் போட்டு, ஒரு வாரம் உட்கார்ந்து எளிய தமிழில் எழுதியது.

மனிதர் கண்ணாடி மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா முக்கியமானத விட்டுட்டீகளே.”

“எதண்ணே?”

“யாரு என்ன ஆளுகன்னு போடலையே?”

“அது எதுக்குண்ணே?”

“ஓட்டுப் போடணும்ல?”

பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒன்பது பேருக்கும் நேராகச் சாதியை எழுதினார். ஒருவருக்கு மாமனார் வீட்டுச் சாதியையும் சேர்த்தே எழுதினார். வழக்குக் கட்டத்தின் மேல் அவருடைய கட்டைவிரல் இருந்தது.

காலாவதி தேதி பார்க்காமல் ஒரு விதைப் பாக்கெட்டைக்கூட வாங்க மாட்டாராம். பஸ் ஏறியதும் அவரே சொன்னது.

பிறகு அந்தத் தாளைச் செல்போனில் படம் எடுத்தார். நான் வீடு வந்து சேர்வதற்குள் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கே அது வந்துவிட்டது. ‘வேட்பாளர் முழு விவரம். அனைவரும் பயன்பெறுக.’

தாளின் அடியில் இருந்த என் எண்ணைப் பார்த்து நரிக்குடியிலிருந்து ஒருவர் அழைத்தார்.

“நாலாவது ஆளுக்குத் தப்பா போட்ருக்கீக. அவுக எங்க ஆளுக.”

அந்த நாலாவது ஆள் மேல் ஆறு வழக்கு. அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

உங்களுக்கும் திருத்தம் இருந்தால் கீழே சொல்லுங்கள். எந்தக் கட்டத்தைத் திருத்த வருவீர்கள் என்று எனக்குத் தெரியும்.