கண்ணாடியைப் பாரு, பின்னாடி நான் இல்ல

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரேக்கக்கா. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருந்த தனி பிரேக்கை மிதித்து மிதித்தே எத்தனையோ சுவர்களையும் சில மனிதர்களையும் காப்பாற்றியவள்.

அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்த சலூன்காரன் ஒருநாள் குரல்செய்தி அனுப்பினான். "நமக்குள்ள செட் ஆகல. நல்லா இரு." அவளுடைய போன் காரின் ஸ்பீக்கரோடு இணைந்திருந்தது. அதனால், வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்த மேளக்காரரும் அதைக் கேட்கும்படி ஆயிற்று. விசேஷ வீடுகளில் வாசிப்பவர் அவர். ஓட்டப் பழக வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"வண்டிய நிறுத்தவாம்மா?"

"எதுக்கு? கண்ணாடியைப் பாருங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "கண்ணாடியைப் பாரு, பின்னாடி நான் இல்ல. கிளட்ச விட்டாப்ல என்ன விட்டுட்ட மெல்ல" என்று இழுத்தாள். இண்டிகேட்டர் டிக் டிக்கென்று தாளம் போட்டது. மேளக்காரருக்குக் கை சும்மா இருக்குமா? ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அதன்மேலேயே வாசிக்கத் தொடங்கினார். கார் நிதானமாகப் போய் ஒரு விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டது. பிரேக்கக்கா பிரேக்கை மறந்தது அன்று ஒருநாள்தான்.

பாட்டை மேளக்காரர் வீட்டுப் படுக்கையறையில் பதிவு செய்தார்கள். எதிரொலி வராமலிருக்க மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். அவர் மனைவி மிக்சியை நிறுத்திவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள். பாடும்போதே பிரேக்கக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழு, வேணாங்கல. கொஞ்சம் தாளத்துல அழும்மா" என்றார் மேளக்காரர்.

இணையத்தில் ஏற்றிய சில வாரங்களில் பாட்டு தரவரிசையில் முதலிடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. பஸ்ஸில் அது, ஜிம்மில் அது. மேடையில் பாடவும் அவளைக் கூப்பிட்டார்கள். "வீட்டு விஷயத்த ஊர் பூரா பாடுது" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சித்தி போன் செய்தபோது, "ரெண்டாவது சரணத்துல 'எங்கம்மா அப்பவே சொன்னா'ன்னு வருதுல்ல, அது நான்தான்" என்றாள்.

சலூன்காரன் அதற்கும் மேலே போனான். 'பாட்டில் வரும் அவன் இங்கேதான் முடிவெட்டுகிறான்' என்று போர்டே மாட்டிவிட்டான். கேள்விப்பட்ட பிரேக்கக்கா கொதித்துப்போய்க் கிளம்பினாள். கடைக்குள் உட்கார இடமில்லாத கூட்டம்.

"வெக்கமா இல்ல உனக்கு?"

"முதல்ல இருந்துச்சு. அப்புறம் பாட்டு நல்லாயிருந்துச்சு." கத்தரியை நிறுத்திவிட்டு மெல்லக் கேட்டான். "நெசமாவே நான் அவ்வளவு மோசமா?"

"மோசமா இருந்திருந்தா ரெண்டு பாட்டு வந்திருக்கும்."

முடிவெட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். அவனும் சிரித்தான். அவளும் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

வெளியே வந்தபோது கோபம் போன இடம் தெரியவில்லை. அங்கேதான் சிக்கல். அடுத்த மேடையில் அழவேண்டிய இடத்தில் கண் காய்ந்து கிடந்தது. நல்லவேளை, கூட்டமே அவளுக்காக அழுதுவிட்டது.

பாட்டின் வெற்றியைப் பார்த்துத் தேடிவந்த மியூசிக் கம்பெனிக்காரர்கள் இன்னொரு சோகப் பாட்டு கேட்டார்கள். அவளும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். வந்ததென்னவோ, மொட்டை வெயிலில் வண்டி நிறுத்த மரநிழல் கிடைத்த சந்தோஷத்தைப் பற்றிய பாட்டு. அதை ஒருவரும் சீண்டவில்லை. மேளக்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ரசித்து வாசித்தார். அவளுக்கு அந்தப் பாட்டுதான் பிடித்திருந்தது.