தாளிச்சா கிண்டும் நேரம்

குடமுருட்டி ஆற்றங்கரையில் ஒரு தென்னந்தோப்பில் கூடாரம் போட்டுத் தங்கப் போவதாக ஜெக்கரியா சொன்னபோது, ஆமினா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"ஏங்க, வீட்டுல எடம் பத்தலையா உங்களுக்கு?"

"நாட்டுப்புறப் பாட்டுத் திருவிழா ஆமினா. சனி, ஞாயிறு ரெண்டு நாளும். வர்றவங்க அங்கேயே தங்குற மாதிரி."

"கூடாரத்துக்குள்ள பாம்பு வந்தா?"

"ஜிப் வச்சிருப்பாங்க."

"சரி. மாத்திரைய மறக்காம எடுத்துக்குங்க."

பேச்சு அத்தோடு முடிந்தது. அவர் இரண்டு நாள் இல்லாததால் ராஜகிரியில் உள்ள அந்த வீட்டில் எதுவும் மாறப்போவதில்லை. வாழ்க்கையின் பெரும்பகுதியை ஷார்ஜாவில் கழித்துவிட்டுத் திரும்பியவர் அவர். அத்தனை காலமும் வீடு அவர் இல்லாமலே ஓடிப் பழகியிருந்தது. கேஸ் சிலிண்டர் பதிவதும், கல்யாணங்களுக்குப் போவதும், மகள் ஷிஃபாவின் குழந்தையைப் பள்ளியில் விடுவதும் அவரைக் கேட்காமலே நடந்தன. யாருக்கும் அவர்மீது கோபம் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு வந்தது. சர்க்கரை எங்கே என்று கேட்டால், இடத்தைச் சொல்ல மாட்டார்கள், எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். விருந்தாளியை அப்படித்தான் நடத்துவது வழக்கம்.

அவர் திருவிழாவுக்குப் போனது பாட்டுக்காக அல்ல. பஞ்சநதத்துக்காக.

பஞ்சநதம் பாபநாசம் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஷார்ஜாவில் சாரம் கட்டும் வேலை. ஜெக்கரியாவுக்கு ஏசி மெக்கானிக் வேலை. இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே அடுக்குக் கட்டிலின் மேலும் கீழுமாகப் படுத்தவர்கள். அந்த அறையில் சமையல் முறை வைத்து நடக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் ஜெக்கரியாவின் முறை. மறுநாள் விடுமுறை என்பதால் அன்றைக்கு நெய்ச்சோறும், பருப்பும் கத்தரிக்காயும் எலும்பும் போட்ட தாளிச்சாவும். அவர் அடுப்படியில் நிற்க, பஞ்சநதம் காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து வைத்துத் தட்டிப் பாடுவார். பின்பாட்டு ஜெக்கரியா.

*வாய்க்காத் தண்ணி வந்துருச்சு, வயலெல்லாம் நனைஞ்சுருச்சு* என்று பஞ்சநதம் முடித்ததும்,

*வந்த தண்ணி நிக்கலையே, எங்க வாசல் வரை வரலையே* என்று இவர் எடுக்க வேண்டும்.

உடனே எடுக்க முடியாது. அடி பிடித்துவிடும் என்று அப்போதுதான் குனிந்து தாளிச்சாவைக் கிண்டிக்கொண்டிருப்பார். ஆவி முகத்தில் அடிக்கும்போது வாயைத் திறக்க முடியுமா? ஒரு சுற்றுக் கிண்டிவிட்டு நிமிர்ந்து எடுப்பார். அதுவரை பஞ்சநதத்தின் கை வாளிக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். ஆரம்பத்தில் மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அந்தத் தாமதம் பாட்டோடு சேர்ந்துவிட்டது. இவர் அடுப்படியில் இல்லாத நாட்களில் வேறு யாராவது பின்பாட்டை உடனே எடுத்தால், "பாய் இன்னும் நிமிரலடா" என்று பஞ்சநதம் அதட்டுவார்.

ஊர் திரும்பிய பஞ்சநதம் ஒரு குழு சேர்த்து மேடையேறத் தொடங்கியிருந்தார். தோப்பில் அவர் நிகழ்ச்சி என்று தெரிந்ததும் ஜெக்கரியா போன் செய்தார்.

"பஞ்சு, ஒரு பாட்டுக்காவது நான் பின்னால நிக்கட்டுமா?"

"வாங்க பாய், வாங்க. பாத்துக்கலாம். கூடாரம் போடுறீங்களா? அப்ப நானும் உங்ககூடத்தான் படுக்கை. மேல் கட்டில் யாருக்கு?"

ஜெக்கரியா இரண்டு பேர் தங்கும் கூடாரமாகப் பதிவு செய்தார்.

அறுவடை முடிந்த வயல்களில் அரிதாள்களுக்கு நடுவே உளுந்து பச்சை கட்டியிருந்தது. ஆற்றில் மணல்தான் அதிகம். தோப்புக்குள் நீலமும் ஆரஞ்சுமாகக் கூடாரங்கள். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த இளம் வயதுக்காரர்கள் தென்னை மரங்களுக்கு இடையே வலைத்தொட்டில் கட்டிப் படுத்திருந்தார்கள். எல்லோரும் இரண்டு பேராக, நான்கு பேராக வந்திருந்தார்கள். அடுத்த கூடாரத்துப் பெண் கேட்டாள்:

"அங்கிள், நீங்க பாட வந்திருக்கீங்களா?"

"பின்பாட்டு" என்றார். சொன்ன பிறகு, இன்னும் உறுதியாகாததைச் சொல்லிவிட்டோமே என்று இருந்தது.

"ஆன்ட்டி வரலையா?"

"அவங்களுக்கு வீட்ல வேலை. என் சிநேகிதர் வருவார்."

சாயங்காலம் மேடைக்குப் பின்புறம் போய்ப் பஞ்சநதத்தைப் பார்த்தார். தலைக்கு மை பூசி, சிவப்புத் துண்டு கட்டி, தப்புப் பறையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார். பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் சுற்றி ஆட்கள் நிறைய இருந்தார்கள்.

"மைக் எல்லாம் கணக்கா செட் பண்ணிட்டாங்க பாய். அரை மணி நேரந்தான் குடுத்திருக்காங்க. நீங்க முன்னால உக்காருங்க, நான் உங்களப் பாத்துப் பாடுறேன்."

"அதுக்கென்ன பஞ்சு" என்றார் ஜெக்கரியா.

பஞ்சநதத்தின் குரல் பெரிய குரல் என்று சொல்ல முடியாது. உச்சியில் கொஞ்சம் உடையும். ஆனால் எதையும் கூட்டிச் சொல்லாத குரல். பின்பாட்டுக்குப் பூவிழி என்ற பெண். அரசுப் பள்ளி ஆசிரியை என்று அறிமுகம் செய்தார்கள். கடைசிப் பாட்டாக வாய்க்காத் தண்ணி வந்தது. முதல் அடி முடிந்தது. பஞ்சநதத்தின் வலது கைக் குச்சி தப்புக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பூவிழி காத்திருந்தார். ஒரு சுற்றுக் கிண்டி நிமிரும் நேரம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு எடுத்தார். முன்வரிசையில் ஜெக்கரியா நிமிர்ந்து உட்கார்ந்தார். தான் ஏறாத மேடையில் தன் தாமதம் ஏறி நின்றிருந்தது.

பாட்டு முடிந்ததும் பஞ்சநதம் மைக்கைப் பிடித்தார்.

"நடுவுல ஒரு நிறுத்தம் வருதுல்ல, அது என்னன்னு எல்லாரும் கேப்பாங்க. நாத்து நடுற பொம்பளைங்க குனிஞ்ச இடுப்ப நிமித்தி மூச்சு வாங்குற நேரம் அது."

தோப்பு முழுக்கக் கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் தட்டியதால் ஜெக்கரியாவும் தட்டினார்.

உணவுப் பந்தலில் இரண்டு தட்டு வாங்கினார். அறையில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து வராதவனின் தட்டை மூடி வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். ஒன்றைத் தையல் இலையால் மூடிக் கூடாரத்துக்குள் வைத்தார். கொஞ்ச நேரத்தில் பஞ்சநதத்திடமிருந்து போனில் குரல் செய்தி வந்தது. குழுவுக்குக் கும்பகோணத்தில் அறை போட்டிருக்கிறார்களாம், தான் மட்டும் பிரிந்து தங்கினால் நன்றாக இருக்காதாம், காலையில் சாமான் எடுக்க வரும்போது கட்டாயம் பார்க்கலாமாம். இரண்டு பேர் தங்கும் கூடாரத்தில் நடுவில் படுப்பதா ஓரமாகப் படுப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஓரமாகவே படுத்தார்.

காலையில் வேன் வந்தது. தப்புகளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பஞ்சநதம் வேன் ஓரமாக இவரை அழைத்துப் போனார்.

"கோவமா பாய்?"

"எதுக்கு? நல்லாத்தான் இருந்துச்சு."

"அந்த நிறுத்தத்தைச் சொல்றேன். முதத் தடவை ஒருத்தர் கேட்டாரு. என்னமாச்சும் சொல்லணும்ல. தாளிச்சா கிண்டுற நேரம்னா சிரிச்சிருவாங்க. வாயில வந்ததைச் சொன்னேன். இப்ப எங்க போனாலும் அதத்தான் கேக்குறாங்க."

"அதுல என்ன தப்பு. அவங்களும் நிமிர்ந்திருப்பாங்கல்ல."

பஞ்சநதம் வேனின் தகரத்தில் விரல்களால் தட்டத் தொடங்கினார். "எடுங்க பாய். இப்ப யாரு கேக்கப் போறா."

*வாய்க்காத் தண்ணி வந்துருச்சு, வயலெல்லாம் நனைஞ்சுருச்சு...*

இரவெல்லாம் காத்திருந்த அடி. பஞ்சநதம் வாயை மூடுவதற்குள் ஜெக்கரியா எடுத்துவிட்டார். *வந்த தண்ணி நிக்கலையே...*

வேனுக்குள் பை அடுக்கிக்கொண்டிருந்த பூவிழி எட்டிப் பார்த்தார். முகத்தில் நல்லெண்ணம் தவிர வேறொன்றும் இல்லை.

"அய்யா, குரல் நல்லாருக்குங்க. ஆனா அந்த எடத்துல கொஞ்சம் நின்னு எடுக்கணும். உடனே எடுத்தா பாட்டு கெட்டுரும்."

பஞ்சநதத்தின் கை தகரத்தின்மேல் நின்றுவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெக்கரியா வேண்டாம் என்று தலையசைத்தார்.

"ஆமாம்மா, அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

டிரைவர் ஹாரன் அடித்தார். "இன்னொரு தடவ பாடுவோம் பாய், நானே வீட்டுக்கு வர்றேன்" என்று பஞ்சநதம் ஏறிக்கொண்டார். வருவார் என்று இருவருமே நம்பியிருக்கலாம். மூடி வைத்த தட்டில் எறும்பு ஏறியிருந்தது. அதை ஆற்றோரம் கொட்டிவிட்டு, இரண்டாம் நாள் நிகழ்ச்சிக்கு நிற்காமல் பஸ் ஏறினார்.

மதியத்துக்கு முன்பே வந்து நின்றவரைப் பார்த்து ஆமினா கேட்டார்: "அதுக்குள்ளயா? பாம்பு வந்துருச்சா?"

"இல்ல. ஆமினா, இன்னைக்குத் தாளிச்சா நான் வைக்கட்டுமா?"

"எதுக்கு? நேத்து வச்சதே நிறைய இருக்கு. நீங்க போய் உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. அடுப்படிக்குப் போனார். அடுப்பின் மேலிருந்த தாளிச்சாப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து, கரண்டியை விட்டு, குனிந்து மெதுவாக ஒரு சுற்றுக் கிண்டினார். பிறகு நிமிர்ந்து நின்றார்.

அடுப்படி வாசலில் வந்து நின்ற ஆமினா சொன்னார்: "ஏங்க, அடுப்ப இன்னும் பத்தவே வைக்கல."