இரண்டு காடியில் ஒன்று

என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஒரே வாரத்தில், ஒரே கடையில், ஒரே கம்பெனிக் காடி, அதாவது கார், வாங்கினார்கள். நிறம்கூட ஒன்றுதான், வெள்ளை. இங்கே மலேசியாவில், குலாய் ஊரில், எங்கள் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெருதான். பார்க்கிறவர்கள் எது அண்ணன் காடி, எது தம்பி காடி என்று குழம்புவார்கள். எனக்கு அந்தக் குழப்பம் ஒருநாளும் வந்ததில்லை. தம்பி வாங்கியது ஒரு படி உயர்ந்த ரகம். அவர்கள் காடியில் கண்ணாடியை இறக்க பட்டன் இருந்தது. எங்கள் காடியில் சுற்றுகிற கைப்பிடி.

சிவப்பு விளக்கில் சில நாள் இரண்டு காடியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். தம்பி மனைவி, என் ஓரகத்தி, ஒரு விரலை வைப்பாள். கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கும். "அக்கா! பசார்ல நண்டு மலிவாம், தெரியுமா?" என்று கத்துவாள். நான் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பிப்பேன். பாதியில் இறுகும். நான் இன்னொரு கையையும் கொடுத்துச் சுற்றி முடிப்பதற்குள் பச்சை விழுந்து அவர்கள் போயிருப்பார்கள். "என்னடி சொன்ன?" என்று நான் கேட்கும்போது பக்கத்தில் ஒரு எண்ணெய்ப்பனை லாரி நிற்கும்.

ஒரே ஒரு முறை வீட்டுக்காரரிடம் சொன்னேன், நாமும் பட்டன் வைத்ததை வாங்கியிருக்கலாம் என்று.

"எஞ்சின் ஒண்ணுதான்லா. ஒனக்குக் கை இருக்குல்ல, சுத்து" என்றார்.

ஓரகத்தி லைசென்ஸ் எடுத்தவள், அதுவும் முதல் சோதனையிலேயே. நான் அதற்குப் போகவே இல்லை. சோதனை செய்கிறவர் பக்கத்திலேயே உட்காருவார் என்று சொன்னார்கள். முன்பின் தெரியாத ஆள் பக்கத்தில் எப்படி உட்காருவது? எனக்கு வெளியாட்களிடம் பேச்சு வராது. கடையில் மிச்சச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். ஆனால் அந்தக் காடியின் முன்சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் வீட்டுக்காரரிடம் ஓயாமல் பேசுவேன். அங்கே யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம். பிள்ளைகள் கல்யாணம், என் மூட்டு வலி, மாமியார் மேல் இருந்த கோபம் எல்லாம் அந்தச் சீட்டில்தான் பேசினேன். கைப்பிடிதான் என்றாலும் அது என் சீட்.

ஓரகத்தி எதையும் முதலில் என்னிடம்தான் கொண்டுவருவாள். யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், தனக்கு எங்கே வலிக்கிறது, புருஷனுக்குத் தெரியாமல் எந்தச் சேலை வாங்கினாள், எல்லாம். என்னிடம் சொன்னால் வெளியே போகாது என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு வருடக் கடைசி மழையில் பசார் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது. அவள் காடியைத் தாழ்வான இடத்தில் நிறுத்திவிட்டுக் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது சீட்டு வரைக்கும் தண்ணீர். கொழுந்தனார் வேலை விஷயமாகச் சிங்கப்பூரில் இருந்தார், வர இரண்டு நாள் ஆகும். அவள் எனக்குத்தான் போன் பண்ணினாள். தண்ணீர் வடிந்ததும் பக்கத்துக் கடை ஆட்கள் காடியைத் தள்ளி அவள் வீட்டு வாசலில் விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் மண்வாரியால் சேற்றை அள்ளினோம். பழைய பேப்பரைக் கார்ப்பெட்டுக்கு அடியில் திணித்தோம். வீட்டுக்குள்ளிருந்து வயர் இழுத்து இரண்டு நாளும் காற்றாடி ஓடியது. எப்படியோ எஞ்சினும் கிளம்பிவிட்டது. நாற்றம் போகாததால் உள்ளே சாம்பிராணி போட்டோம்.

"அக்கா, உங்களக் கும்புட்டுக் கேக்குறேன், அவருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. காடின்னா அவருக்கு உசுரு."

"நான் யாருகிட்டடி பேசுறேன்?" என்றேன்.

கொழுந்தனார் வந்து கதவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "என்னா, காடிக்குள்ள பூச போட்டியா?" என்று கேட்டாராம். "புதுசா இருந்தப்ப நீங்க போடல்ல, அதான் நான் போட்டேன்" என்றாளாம். அதை எனக்கு வந்து சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இப்படி ஒரு பதில் அவளுக்கு எங்கிருந்துதான் கிடைக்கிறதோ என்று எரிச்சலும் வந்தது.

அப்புறம் சில வருடத்தில் அந்தக் கம்பெனியே காடி செய்வதை நிறுத்திவிட்டது. மற்றவர்கள் எல்லாம் விற்றுவிட்டு வேறு வாங்கினார்கள். அண்ணனும் தம்பியும் அதற்கப்புறம்தான் இன்னும் பிடிவாதமானார்கள். "இனி இந்த மாதிரி இரும்பு வராதுண்ணே" என்பார் தம்பி. "மத்ததெல்லாம் பிஸ்கட் டின்னுடா" என்பார் இவர். ரோட்டில் அதே கம்பெனிக் காடி எதிரே வந்தால் கையைத் தூக்குவார். அந்த ஆளும் தூக்குவான். பெற்ற பிள்ளை ரோட்டில் போனாலும் கவனிக்காத மனிதர், முகம் தெரியாத மலாய்க்காரருக்கு லைட் அடித்து நிறுத்தி, ஓரமாக நின்று அரை மணி நேரம் பேசுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேரும் ஒரே காடியில் பழைய சாமான் தேடிப் போவோம். பெரும்பாலும் எங்கள் காடிதான். எந்த ஊரில் எந்தக் காடிக் கொட்டகையில் எந்தக் கதவு கிடக்கிறது என்று அவர்களுக்கு மனப்பாடம். ஆயர் ஈத்தாமில் அவர்கள் துருப்பிடித்த குவியலுக்குள் நுழைந்துவிட்டால் நானும் அவளும் பானைக் கடையில் காத்திருப்போம். ஒரு கண்ணாடித் துடைப்பான் கிடைத்தால்கூட இரண்டு பேரும் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வருவார்கள்.

போன வருடம் எங்கள் காடியின் கியர்பாக்ஸ் போய்விட்டது. அதே மாதம் அவர்கள் காடி எஞ்சின் ஆயிலைக் குடித்துப் புகை தள்ள ஆரம்பித்தது. ஜொகூர் முழுக்கத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் போர்மன், அதாவது பட்டறைக்காரர், ரப்பர்த் தோட்டத்தில் தமிழர்களோடு பிறந்து வளர்ந்த சீனர். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். இரண்டு காடியையும் அவர் பட்டறையில் விட்டார்கள். அவர் ஒரு வாரம் பார்த்துவிட்டு, "ரெண்ட வச்சி ஒண்ணு ஆக்கலாம். எஞ்சின மாத்தலாம், கியர்பாக்ஸ் மாத்தலாம். பாடி மாத்த முடியாதுலா. எது பாடி நல்லாருக்கோ அது இருக்கட்டும்" என்றார். நல்ல பாடி, தம்பி காடி.

எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்துதான் முடிவு பண்ணினார்கள். எங்கள் காடியை அறுத்து அதன் எஞ்சினைத் தம்பி காடியில் வைப்பது என்று. நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஒங்களுக்கு வருத்தம் இல்லியாண்ணே?" என்று தம்பி கேட்டார்.

"எது போனா என்னடா? நம்ம கம்பெனிக் காடி ஒண்ணு ரோட்ல ஓடணும், அவ்வளவுதான்" என்றார் இவர்.

ஓரகத்தி என் தோளைத் தட்டினாள். "அக்கா, நீங்க எங்க போகணும்னாலும் ஒரு போன் அடிங்க. நான் வந்து ஏத்திக்கிறேன்லா."

நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. இனிமேல் போன் பண்ணிக் கேட்க வேண்டும். அவள் காடியில் பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். முன்னால் அவள் இருப்பாள், விரலை வைப்பாள், கண்ணாடி இறங்கும். என் சீட்டை அறுத்துப் பழைய இரும்புக்குப் போடுவார்கள். எல்லாவற்றிலும் அவளுக்கு ஒரு படி மேலேயே வாய்த்துவிட்டது, இதிலுமா என்று அன்றைக்கு முழுக்க அதே நினைப்பு.

இரண்டு நாள் கழித்துப் பசாருக்குப் போனவள், கீரைப் பையோடு பட்டறை வாசலில் போய் நின்றேன். கால் தானாகப் போனது என்று சொல்ல மாட்டேன், நான்தான் போனேன். உள்ளே போக முடியவில்லை. எதிர்ப்பக்கம் நின்று கொஞ்ச நேரம் வாழைப்பழம் பார்த்தேன். மறுபடியும் வந்து நின்றேன். போர்மனே பார்த்துவிட்டார்.

"என்னாக்கா? அண்ணன் வரல?"

"இல்ல... அந்தத் தம்பி காடி..."

"ஆமா, நாளைக்கு எஞ்சின் எறக்குறேன்."

"அது தண்ணியில நின்ன காடி."

அவர் கையைத் துடைப்பதை நிறுத்தினார். "யாரு சொன்னா?"

"சீட்டு வரைக்கும் தண்ணி. கார்ப்பெட்ட தூக்கிப் பாருங்க." அவ்வளவுதான் சொன்னேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ஒரு வெளியாளிடம் நான் அவ்வளவு தெளிவாக அதற்கு முன்னால் பேசியதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கீரைப் பையைப் பட்டறை வாசலிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

சாயங்காலம் அண்ணனும் தம்பியும் பட்டறையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஓரகத்தி என்னோடு உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். கொழுந்தனார் உட்காரக்கூட இல்லை.

"காடி அடியில துரு தின்னு ஓட்ட விழுந்திருக்கு. கால வச்சா ரோட்ல நிக்கலாம். தண்ணி பூந்த காடியாம். எப்படி தண்ணி வந்துச்சு?"

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். அப்புறம் பயற்றைப் பார்த்துக்கொண்டு, "மழ பெஞ்சா காடி நனையாதா? வெளியதானே நிக்குது" என்றாள்.

என் பேரை அவள் எடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. தம்பி காடியை அறுத்து, அதன் கியர்பாக்ஸை எங்கள் காடியில் வைத்தார்கள். என் சீட் எனக்கே நின்றது. முதல் நாள் அதில் உட்கார்ந்து கோயிலுக்குப் போனபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியும் அவளும் நடந்து வந்தார்கள். "என்னடா, நடந்து வர்ற?" என்று இவர் கேட்டார். "சும்மாண்ணே, ஒடம்புக்கு நல்லது" என்றார் தம்பி. இவருக்குச் சந்தேகம். சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்தார். வேறு கம்பெனிக் காடி, புத்தம் புதுசு, சிவப்பு, சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அண்ணன் பார்த்தால் வெட்கம் என்று மூலையில் ஒளித்து நிறுத்தியிருக்கிறார்.

"பிஸ்கட் டின்னு" என்றார் இவர் திரும்பி வந்து.

"அண்ணே, வேற என்னாண்ணே பண்றது..."

"பேசாத. தின்னுட்டுப் போ."

இரண்டு பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். நான்தான் வாசலுக்குப் போகிற சாக்கில் அந்தக் காடியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். பின்னால் போகும்போது பின்னால் இருப்பதைக் காட்டுகிற திரை அதில் இருந்தது. எங்கள் காடி அதற்குள் குலாய் மேட்டில் ஏறும்போதே சூடேற ஆரம்பித்திருந்தது.

தங்காக் ஊருக்குச் சேலை எடுக்கக் கிளம்பிய அன்றைக்கு எங்கள் காடி ஆவி விட்டு நின்றுவிட்டது. போர்மன் வந்து இழுத்துப் போனார். கடைசியில் நானும் அவளும் மட்டும் அவள் சிவப்புக் காடியில் போனோம். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். காடிக்குள் மார்கழி மாதிரி குளிர். நெடுஞ்சாலை வந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"போர்மன் சொல்லிட்டாருக்கா. ஒங்க கீரப் பையையும் என்கிட்டதான் குடுத்தாரு. நான்தான் கடஞ்சி சாப்ட்டேன்."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பயப்படாதீங்க. பத்து வருசமா அந்தப் பழைய காடிய தூக்கிப் போடுங்கன்னு இவருகிட்ட தலகீழா நின்னேன். கேக்கல. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க, முடிஞ்சிருச்சி. ஒங்களுக்குத்தான் மொதச் சேல எடுத்துத் தரணும்." சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். அப்புறம், "ஆனா இனிமே ஒங்ககிட்ட ஒரு ரகசியமும் சொல்ல மாட்டேன்லா" என்றாள், அதே சிரிப்போடு.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளைக் குத்திய கத்திகூட அவளுக்குச் சாவியாக மாறிவிட்டதே என்ற வயிற்றெரிச்சலில் அந்தக் கடைசிப் பேச்சை நான் சரியாகக் கேட்கவில்லை. அவள் எடுத்துக் கொடுத்த சேலை நல்ல சேலை. மயில்கழுத்து நிறம். நான் இன்னும் கட்டவில்லை.

அவள் இப்போதும் வாரத்துக்கு இரண்டு முறை வருகிறாள். நண்டு விலை சொல்கிறாள், மழை வருமா என்று கேட்கிறாள். எல்லாருக்கும் தெரிந்ததை மட்டும் சொல்கிறாள்.

போன வாரம் பசாரில் அவள் பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்தேன். சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் குடும்பம், நல்ல மாதிரி. "ஒங்க தங்கச்சிக்கு ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சிருச்சா? எனக்குத் தூக்கமே வரலம்மா, அவ்வளவு பயந்து அழுதுச்சு எங்கிட்ட" என்றார்.

என்ன ஆப்பரேசன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று தெரிந்துபோகும். "ம், நல்லாருக்கா" என்றேன். அந்த அம்மா எந்த டாக்டர், எத்தனை மணிக்கு உள்ளே கூட்டிப் போனார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டன் வைத்த காடியைப் பார்த்து முப்பது வருடம் பொறாமைப்பட்டவள்தான் நான். அன்றைக்கு அந்த அம்மா மேல் வந்தது வேறு. அவர் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று வந்தது.

நேராக அவள் வீட்டுக்கு நடந்தேன். கதவைத் திறந்தவள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு கண்ணை மூடிப் பஞ்சு ஒட்டியிருப்பது பக்கவாட்டில் தெரிந்தது.

"வாங்கக்கா, உக்காருங்க. காப்பி போடவா, பாலில்லாம தே ஓ போடவா?"

"கண்ணுல என்னாடி?"

"ஒண்ணுமில்லக்கா. தூசி."

சரி என்று சொல்லி உட்கார்ந்தேன். அவள் சுவரைத் தடவிக்கொண்டே காப்பி போட உள்ளே போனாள்.