டிபன் பாக்ஸில் ஒரு பிரிண்டர் ஹெட்: விழுப்புரத்திலிருந்து திண்டிவனம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு யாரும் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் மெஷினின் ஹெட்டை எடுத்துக்கொண்டு, இன்று வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் போனேன். என்னைப் போல ஹெட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். போர்வைக்குள் போனில் தட்டுவதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அறையில் அப்பா இருமும்போதெல்லாம் திரையை அணைத்துவிடுகிறேன்.

இந்த வலைப்பூ அவருக்குத் தெரியாது. நான் போய்வந்தது தெரிந்தால் என் பிளஸ் டூ இத்தோடு நின்றுவிடும். எங்கள் தெருப் பெண் ஒருத்தி வீட்டுக்குத் தெரியாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்ட அன்று அப்பா சொன்னார்: "தனியா பஸ் ஏறினன்னு காதுல வுழுந்துச்சு, அன்னியோட பொஸ்தகத்த மூட்டை கட்டிடுவேன்." அப்பா சொன்னால் செய்கிறவர்.

அக்கா விழுப்புரத்தில் பேனர் கடை வைத்திருக்கிறாள். மாமா லாரியில் போயிருக்கிறார். அக்காவுக்கு ஏழு மாதம். நேற்று சாயங்காலம் கெடாரிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்து, அவர்கள் அம்மாவின் காரியத்துக்கு அடித்த பேனரை மேஜைமேல் விரித்தார்கள். அந்த அம்மாவின் முகத்தில் நெற்றியிலிருந்து தாடை வரை வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

"உயிரோட இருந்தப்பகூட எங்கம்மா மூஞ்சில இவ்ளோ சுருக்கம் இல்ல" என்றார் பெரியவர். சின்னவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு சாயந்திரம் வருவோம். கோடு இருந்துச்சுன்னா, கடையில எதுவும் இருக்காது."

மை தெளிக்கிற பாகம்தான் ஹெட். விழுப்புரத்தில் அதைச் சரிசெய்கிறவர் சென்னைக்குப் போய்விட்டார். அடுத்தவர் திண்டிவனத்தில். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீ போவியா பாப்பா?" அம்மாவிடமும் சொல்லவில்லை. அம்மாவால் அப்பாவிடம் எதையும் மறைக்க முடியாது. காலையில் அப்பா வளவனூருக்குக் கொத்து வேலைக்குக் கிளம்பியதும், அக்கா என் டீச்சருக்குப் போன் செய்து எனக்குக் காய்ச்சல் என்றாள்.

ஹெட் காயக்கூடாது. காய்ந்தால் உள்ளே இருக்கும் மை கல்லாகிவிடும். அதனால் கழுவும் திரவத்தில் துணியை நனைத்து, அடிப்பக்கம் அதில் படும்படி என் எவர்சில்வர் டிபன் பாக்ஸில் நேராக நிறுத்திக் கொடுத்தாள். யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு, ஒன்பதே காலுக்குப் புதிய பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். டிக்கெட் நாற்பது ரூபாய். சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ரயிலும் உண்டு. ஆனால் ஸ்டேஷனில் டீக்கடை வைத்திருப்பவர் அப்பாவுக்குத் தெரிந்தவர்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது டிபன் பாக்ஸிலிருந்து திரவ வாசனை கிளம்பியது. பின்சீட்டுக்காரர், "யாரும்மா அது, பஸ்ஸுல நெயில் பாலிஷ் போட்டுக்கினு வர்றது?" என்றார். நாலைந்து பேர் திரும்பினார்கள். நான் பையை மடியில் அழுத்திக்கொண்டேன். என் பக்கத்தில், மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, கொறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ யாரு பொண்ணு?"

இந்தக் கேள்விக்குத்தான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். எங்கள் ஊரைச் சொல்லாமல், வாயில் வந்த வேறு ஊரைச் சொன்னேன். "காணைங்க."

"அட, எனக்கும் காணைதான்! காணைல யாரு வூடு?"

"அங்க பாட்டி வூடுதாங்க. நாங்க... மெட்ராஸுல இருக்கோம்."

"மெட்ராஸு பொண்ணா? தலையில இவ்ளோ எண்ணெய் வெச்சிருக்க?" என்று சிரித்துவிட்டு, ஒரு கை மல்லாட்டையை என் பைமேல் கொட்டினார். அவர் நம்பவில்லை. கூட்டேரிப்பட்டில் இறங்கும்போது, "ஒழுங்கா வூடு போய்ச் சேரு" என்றார். என் முகத்தை ஞாபகம் வைத்திருப்பாரா என்று இந்த நிமிஷம் வரை யோசிக்கிறேன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், நடக்கும் தூரத்தில்தான் கடை. மாடியில் சின்ன அறை. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு அண்ணன், ஒரு காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். கதவை மூடாதீங்க என்று சொல்ல நினைத்தேன். அவரே ஒரு நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்தார். வாசனை வெளியே போகவாம். அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

"வெச்சுட்டுப் போ, சனிக்கெழம வா."

"அண்ணா, இன்னிக்கே வேணும். நான் மறுபடி வர முடியாது."

என் குரல் எனக்கே அழுவதுபோல் கேட்டது. "சரியான பேஜாரு" என்று முனகிக்கொண்டே, ஹெட்டைத் திருப்பிப் பெரிதாக்கிக் காட்டும் கேமராவின் கீழ் வைத்தார். திரையில் தங்க நிறத் தகடு. அதில் வரிசை வரிசையாக, முடியைவிட மெல்லிய ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு சொட்டு எறியும். ஒன்று அடைத்தால் பேனர் நெடுக ஒரு வெள்ளைக் கோடு. ஓட்டையின் விளிம்பில் அழுக்கு ஒட்டினாலும் போதும், சொட்டு கோணலாகப் பறக்கும்.

விளிம்புகளில் சிவப்பாகச் சேறு போல ஏதோ அப்பியிருந்தது.

"இதுக்கு யாரு பொட்டு வெச்சது?" என்றார்.

நான் குனிந்து திரையைப் பார்த்தேன்.

"குங்குமம்மா இது. மேலதான் வெச்சிருப்பீங்க. தூளு கீழ இருக்கிற ரப்பர்ல வுழும். அந்த ரப்பரு ஹெட்டைத் தொடைக்கிறப்ப ஓட்டையில தேச்சு வுட்டுடும். ஆயுத பூஜை முடிஞ்சா எனக்குத்தான் தீபாவளி!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினுக்குப் பொட்டு வைப்பது அப்பா. கடைக்கு முன்பணம் கொடுத்தவர் அவர். வெள்ளிக்கிழமைதோறும் தட்டோடு வந்து, மூடியைத் திறந்து, ஹெட் உட்கார்ந்திருக்கும் பெட்டிமேலேயே விபூதியும் குங்குமமும் வைப்பார். "எது ஒழைக்குதோ அதுக்குத்தான் வெக்கணும்" என்பார்.

அண்ணன் ஊசிக்குழாயில் திரவத்தை ஏற்றி மெதுவாக அழுத்தினார். நூல் நூலாக மை இறங்கியது. வெள்ளைக் காகிதத்துணியால் ஒற்றி எடுத்தார், தேய்க்கவில்லை. தேய்த்தால் தகட்டின் மேல்பூச்சு போய்விடுமாம், மை அங்கேயே படர்ந்து நிற்குமாம். துணியில் சிவப்பு இறங்கியிருந்தது. இரண்டு ஓட்டைகள் மட்டும் கடைசிவரை திறக்கவில்லை.

"புது மாடல் ஹெட்டுல ஓட்டைக்குப் பின்னாடி மை சுத்திக்கினே இருக்கும், லேசுல அடைக்காது. இதுல அது கெடையாது. நாலு பாஸ்ல அடிக்கிறத எட்டு பாஸ்ல அடி. ஹெட்டு அதே எடத்த எட்டு வாட்டி தாண்டும். செத்த ஓட்டை வுட்டத வேற ஓட்டை வந்து மூடிடும். நேரம்தான் ரெண்டு பங்கு."

ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். சிவப்பேறிய துணியைத் தூக்கிப் போடப் போனார். என்னையறியாமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. மதியம் ஒன்றரைக்குக் கடைக்கு வந்தேன். அக்கா ஹெட்டை மாட்டி, எட்டு பாஸில் ஓடவிட்டாள். நெற்றி வந்தது, கண் வந்தது. கோடு இல்லை. அந்த இருவரும் வந்தபோது மை இன்னும் முழுதாகக் காயவில்லை. சின்னவர் குனிந்து முகத்துக்கு முகம் வைத்துப் பார்த்தார். தேடித் தேடிப் பார்த்தார். பிறகு, "பொட்டு நல்லா வந்துருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஹெட்டை ஈரமாக வையுங்கள், ஆனால் கேபிள் மாட்டும் பக்கம் நனையக்கூடாது. பைக்குள் இரண்டு பாலிதீன் கவர் போட்டு மூடினால் வாசனை குறையும். காலையிலேயே போங்கள். அங்கேயே நின்று வாங்கி வாருங்கள். யாரு பொண்ணு என்று கேட்டால், உங்களுக்குத் தெரிந்த ஊரைச் சொல்லுங்கள். மெஷினுக்குப் பொட்டு வைப்பதென்றால் வெளி மூடியில், ஸ்டிக்கர் பொட்டாக வையுங்கள். அக்கா இன்று அப்படித்தான் ஒட்டியிருக்கிறாள்.

ஆனால் அப்பா அந்த மூடியைத் திறப்பார். நாளை வெள்ளிக்கிழமை. வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஏன் என்பார். குங்குமம் அடைக்கும் என்றால், யார் சொன்னது என்பார். அதற்குப் பதில் திண்டிவனத்தில்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் மறுபடி கோடு விழும், மறுபடி யாராவது மேஜைமேல் பேனரை விரிப்பார்கள். அப்போது அக்காவுக்கு எட்டு மாதமாகியிருக்கும்.

இருமல் நின்றுவிட்டது. நாளைக்காக அம்மா பூஜைத் தட்டைத் துலக்கிச் சமையலறை மேடையில் கவிழ்த்திருக்கிறாள். இப்போதுதான் எழுந்து போய், அந்தச் சிவப்புத் துணி இருக்கும் டிபன் பாக்ஸைத் திறந்தபடி தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். துணி ஏதென்று கேட்டால், பஸ் ஏறியதிலிருந்து சொல்லிவிடுவேன். அப்பா ஐந்து மணிக்கு எழுந்திருப்பார்.