மாமி ஏறினால் மட்டும் கேட்ட சத்தம்

“நீ ஓடினால் சத்தமில்லை. அல்பிரட் ஓடினாலும் சத்தமில்லை. நான் ஏறினால் மட்டும் டிக், டிக் எண்டு அடிக்குது. ஏன் பிள்ளை?”

மரியமலர் மாமி தன் சைக்கிளைப் பற்றித்தான் இப்படிக் கேட்டார். பாரிஸில் தமிழர்கள் நிறைந்த லா சப்பலில், எங்கள் கட்டடத்து முற்றத்தில் நின்றிருந்தோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மாமி சைக்கிளைப் பார்க்கவில்லை. மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அல்பிரட் அண்ணையின் அறை.

மாமி என் அப்பாவின் அக்கா. முதியவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைப் பராமரிப்பது அவர் தொழில். காலையில் பெல்வில் மேட்டில் ஒரு மூதாட்டியைக் குளிப்பாட்டுவார். மத்தியானம் மொன்மார்த்தர் பக்கம் ஒருவருக்குச் சாப்பாடு கொடுப்பார். இரண்டுமே ஏற்றமான இடங்கள், மாமிக்கோ முழங்கால் தேய்ந்துவிட்டது. என் சித்தப்பா கனடாவுக்குப் போகும்போது தன்னுடைய எலெக்ட்ரிக் மலைச் சைக்கிளை அவரிடம் விட்டுப் போனார். காட்டுப் பாதையில் ஏறுவதற்கென்று செய்த வண்டி. தடித்த டயரும் பெரிய மோட்டருமாக ஒரு கன்றுக்குட்டி அளவு இருக்கும். மஞ்சள் மழைக்கோட்டுடன் மாமி அதில் ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் வருவதைக் கண்டால் காய்கறிக் கடைக் குகதாசன் வெளியே வந்துவிடுவார்.

“என்னக்கா, எவரெஸ்டுக்கோ?”

“ஓம், உன்ர முருங்கைக்காயின்ர விலை அங்கைதானே நிக்குது. பாத்திட்டு வாறன்.”

மாமியைப் பற்றி எழுதுவதென்றால் அவருடைய சந்தேகத்தைத்தான் முதலில் எழுத வேண்டும். மீன் வாங்கும்போது மீனின் செவுளைத் திறந்து பார்ப்பார். பிறகு விற்பவரின் முகத்தைப் பார்ப்பார். முகம் திருப்தி தராவிட்டால் செவுள் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் வாங்கமாட்டார். வீட்டில் எண்ணெய்ப் போத்தலில் பேனாவால் கோடு போட்டிருக்கும். பூட்டிய கதவை மறுபடியும் இழுத்துப் பார்க்காமல் படியிறங்கமாட்டார். ஐரோப்பாவுக்கு வந்த காலத்தில் ஏஜென்ட் ஒருவன் அவரை லொறியிலிருந்து இறக்கி, “இதுதான் பாரிஸ்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அது வேறொரு நாட்டில் ஒரு சிறு பட்டணம். “அண்டையிலிருந்து, ஆர் என்ன சொன்னாலும் நான் முதல்லை போர்டைத்தான் வாசிக்கிறனான்” என்பார்.

நான் ஜூனில் லிசே என்ற உயர்பள்ளியை முடித்துவிட்டு, மேலே என்ன செய்வதென்று தெரியாமல், புறநகரான பொபினியில் அம்மா அப்பாவுடன் இருக்கவும் பிடிக்காமல் மாமியிடம் வந்து சோபாவில் படுத்துக்கொண்டிருந்தேன். மாமி வீட்டுச் சின்ன அறையில் அல்பிரட் அண்ணை வாடகைக்கு இருந்தார். மன்னார்க்காரர். கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கத்து உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறார். அவருடைய வதிவிட அனுமதிக் கார்ட் முடியப் போகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால், இன்ன வீட்டில் இருக்கிறார் என்று மாமி எழுதிக் கொடுக்க வேண்டும். வீடு போனால் முகவரியும் போகும். அப்புறம் கார்ட்டும் வேலையும் என்னாகும் என்று யாருக்கும் தெரியாது.

சத்தம் தொடங்கியது நவம்பர் மழைக்குப் பிறகு. மாமி பெடலை மிதிக்க மிதிக்க, சுற்றுக்கு ஒன்றாக, யாரோ உள்ளேயிருந்து நாக்கைச் சொடுக்குவது போலக் கேட்கும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். இதனால் மாமிக்கு இன்னும் கோபம். “நான் கேக்கிறன் எண்டு அதுக்குத் தெரியுது” என்றார்.

ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கத்தில் அலெக்சாந்த்ர் என்பவரின் சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனோம். அவர் மிக உயரமானவர். கடைக்கு முன்னால் சைக்கிளில் ஒரு வட்டம் ஓடிவிட்டு, தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார். பிறகு, மோட்டருக்குள் ஏதாவது இருக்கலாம், ஒரு கிழமை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். மாமி அவர் முகத்தைப் பார்த்தார். சைக்கிளை உடனே திருப்பி உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“சத்தம் இல்லை எண்டவன் பிறகேன் மோட்டரைக் கேக்கிறான்? ஆளின்ர கண் மோட்டரிலை.”

“நல்ல ஆள் போலத்தானே இருந்தார், மாமி.”

“அந்த ஏஜென்டும் நல்ல ஆள் போலத்தான் இருந்தவன்.”

வீட்டுக்கு வந்து நான் சைக்கிளை ஓடிப் பார்த்தேன். சத்தமில்லை. அல்பிரட் அண்ணையைக் கூப்பிட்டு ஓடச் சொன்னோம். அவரும் முற்றத்தைச் சுற்றி வந்தார், சத்தமில்லை. மாமி ஏறினார். டிக். அப்போதுதான் மேலே சொன்ன கேள்வியை என்னிடம் கேட்டார்.

அதன் பின் மாமியின் மனம் அல்பிரட் அண்ணையை விட்டு நகரவில்லை. சைக்கிள் நிற்கும் களஞ்சிய அறைக்கு மாமி, நான், அல்பிரட் அண்ணை என்று மூன்று பேரிடம்தான் சாவி இருந்தது. மாதா கோயிலில் யாரோ ஒரு கதை சொல்லியிருந்தார்கள்: சைக்கிளுக்குள் ஒரு சின்னக் கருவியை ஒளித்துவைத்து, அது போகிற இடமெல்லாம் பார்த்து, பிறகு களவெடுப்பார்களாம். “அவன் ஏறேக்கை அதை நிப்பாட்டிப்போட்டு ஏறுறான்” என்றார் மாமி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அல்பிரட் அண்ணையோ நானோ ஏறினால் ஏன் சத்தம் வருவதில்லை என்பதற்கு என்னிடமும் வேறு விளக்கம் இல்லை.

மாமி களஞ்சிய அறைக்குள் சைக்கிளின் பின் சில்லிலிருந்து பக்கத்துக் குழாய் வரைக்கும் ஒரு கறுப்பு நூலைக் கட்டினார். மறுநாள் காலை நூல் அறுந்து கிடந்தது. நான் அன்று அங்கே போகவில்லை.

“தம்பி, கீழை போனனியோ?” என்று சமையலறையில் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்.

அல்பிரட் அண்ணை கோப்பையைக் கழுவிக்கொண்டே, “ஓமக்கா, அரிசி மூட்டை எடுக்கப் போனனான்” என்றார்.

அவர் வேலைக்குப் போன பிறகு மாமி என்னைக் கீழே கூட்டிப் போய்க் களஞ்சிய அறையைக் காட்டினார். உடைந்த கதிரை, பெயின்ட் வாளி, சூட்கேஸ்கள். அரிசி மூட்டை என்று ஒன்றும் அங்கே இருந்ததில்லை.

“பாத்தியோ? பொய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அவனை வேறை இடம் பாக்கச் சொல்லப்போறன்.”

“கார்ட்டுக்குக் கடிதம் குடுக்க வேணுமே மாமி?”

“பொய் சொல்லுறவனுக்கு நான் என்னெண்டு கையெழுத்து வைக்கிறது?”

அது வெள்ளிக்கிழமை. அல்பிரட் அண்ணை பொய் சொன்னார் என்பது எனக்கும் உறுத்தியது. அன்றிரவு அவர் கொண்டுவந்து தந்த கொத்து ரொட்டியைச் சாப்பிடும்போதும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தேகம் அப்படித்தான், ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் தொற்றிவிடும். ஆனால் அந்தச் சத்தம் எதனால் என்று தெரியாமல் ஒரு மனிதரைத் தெருவில் விட முடியாது என்றும் தோன்றியது.

சனிக்கிழமை மாமிக்கு ஓய்வு. “இன்னொருக்கா ஓடுங்கோ மாமி, நான் பக்கத்திலை ஓடி வாறன்” என்று கால்வாய்க் கரைக்குக் கூட்டிப் போனேன். ஸ்டாலின்கிராட்டிலிருந்து நீர் ஓரமாக அவர் மிதித்தார். நான் மூச்சு வாங்க ஓடினேன். டிக், டிக், டிக். வாத்துக்கள்கூடத் திரும்பிப் பார்த்தன. பாலத்து ஏற்றம் வந்தது. மற்றச் சைக்கிள்காரர்களெல்லாம் எழுந்து நின்று மிதித்தார்கள். மாமி மட்டும் மோட்டரைக் கூட்டிவிட்டு, நாற்காலியில் இருப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தபடியே ஏறினார். முழங்கால் காரணமாக அவர் எழும்பி மிதிப்பதே இல்லை.

நான் நின்றுவிட்டேன்.

மாமி என்னைவிட ஒரு சாண் குட்டை. அவருடைய சீட் மிகவும் தாழ்வு. அதில் உட்கார்ந்தால் என் முழங்கால் தாடையில் இடிக்கும் என்பதால் நான் எப்போதும் பெடலில் எழுந்து நின்றே ஓடினேன். அலெக்சாந்த்ரும் அப்படித்தான் ஓடினார். நெடிய மனிதரான அல்பிரட் அண்ணையும் அப்படித்தான்.

“மாமி, இறங்குங்கோ!”

ஏறி, முழங்காலை அகட்டி, கோமாளி போல உட்கார்ந்து மிதித்தேன்.

டிக்.

வீட்டுக்கு விரைந்தோம். அல்பிரட் அண்ணை வேலைக்குப் புறப்பட்டு முற்றத்துக்கு வந்திருந்தார். “அண்ணை, நீங்கள் ஏன் சீட்டை உயர்த்தாமல் நிண்டு ஓடினனீங்கள்?” என்று கேட்டேன். அந்தச் சைக்கிளில் ஒரு பிடியைத் திறந்தால் போதும், சீட் மேலே வரும்.

“உயர்த்தினால் அக்கா கண்டுபிடிப்பா, பிறகு அதுக்கொரு விசாரணை” என்றார்.

“இருந்து ஓடுங்கோ.”

அவர் இருந்து ஓடினார். டிக், டிக். அவருக்கும் கேட்டது. அப்படியென்றால் கோளாறு மோட்டரிலும் இல்லை, பெடலிலும் இல்லை. சீட்டுக்குக் கீழே, சீட்டைத் தாங்கும் குழாய் சட்டத்துக்குள் இறங்கும் இடத்தில் இருக்கிறது. நான் பிடியைத் திறக்கப் போனேன்.

“அதைக் கழட்டாதை!” என்றார் மாமி.

குரல் மாறியிருந்தது. நானும் அல்பிரட் அண்ணையும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“ஏன் மாமி?”

“வேண்டாம் எண்டால் வேண்டாம். சத்தம் கேட்டால் கேட்டிட்டுப் போகட்டும்.”

இத்தனை நாள் அந்தச் சத்தத்துக்காக நூல் கட்டியவர் அவர். இப்போது அவர் முகத்தைப் பார்ப்பது எங்கள் முறையாயிற்று. மாமி மழைக்கோட்டின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்தார். “உள்ளுக்கை என்ன கிடக்கு, மாமி?” என்று கேட்டேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பிடியைத் திறந்தேன், அல்பிரட் அண்ணை சீட்டை முறுக்கி இழுத்தார். கரகரவென்று அரைத்துக்கொண்டு வெளியே வந்தது.

குழாய் முழுக்கச் சிவந்த மணல். அதன் அடிவாயில், நனைந்து கூழான கடதாசித் துண்டு. அதில் நீல நிறத்தில் பாதி அழிந்த ஒரு மாதாவின் முக்காடு.

அல்பிரட் அண்ணை மணலை விரலால் தொட்டார். உடனே தொப்பியைக் கழற்றினார்.

“அக்கா, இது மடு மண்ணெல்லோ!”

மாமி தலையாட்டினார். எங்கள் ஆட்கள் மன்னாரிலுள்ள மடு மாதா திருத்தலத்துக்குப் போனால் அங்கிருந்து ஒரு பிடி மண் கொண்டுவருவார்கள். வீட்டு மூலையில் போடுவார்கள், பயணம் போகிறவரின் பையில் வைப்பார்கள். பாம்பு அண்டாது, விபத்து வராது என்பது நம்பிக்கை. சித்தப்பா சைக்கிளைக் கொடுத்த அன்று மாமி தானே சீட்டைக் கழற்றி, மண்ணைப் படத்தோடு சுற்றி, குழாயின் அடியில் திணித்திருக்கிறார். காவலுக்கு வைத்ததை வாயால் சொல்லக் கூடாது என்று யாரிடமும் சொல்லவில்லை. மழைத் தண்ணீர் இறங்கிக் கடதாசி கிழிந்ததும், மண் இரண்டு குழாய்களுக்கும் நடுவில் போய் அரைத்திருக்கிறது.

“உங்களுக்கு ஒருக்காலும் இதிலை சந்தேகம் வரேல்லையோ?” என்று கேட்டேன்.

“மாதாவிலை ஆர் பிள்ளை சந்தேகப்படுவினம்?”

அல்பிரட் அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது சரி, பாரிசிலை பாம்பு எங்கையக்கா?”

“ஏன், இல்லையோ?” என்றார் மாமி. பிறகு, யாரைப் பாம்பென்று நினைத்து அப்படிச் சொன்னார் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முகம் கறுத்துப்போனது. “தம்பி, நாளைக்கு உன்னை வெளிக்கிடச் சொல்ல இருந்தனான்.”

“தெரியுமக்கா. நீங்கள் நூல் கட்டினதைக் கண்டனான், சந்தேகம் என்னிலை எண்டு விளங்கிச்சுது. அதுதான் சூட்கேசை எடுத்து வைப்பம் எண்டு கீழை போனனான். எடுக்கேக்கை நூல் அறுந்திட்டுது.”

“பிறகேன் அரிசி மூட்டை எண்டனீ?”

“சூட்கேஸ் எண்டால், எங்கை போறாய் எண்டு கேட்பியள். எனக்குப் போக இடம் இல்லையே.”

மாமி மேலே போய் ஒரு வெள்ளைத் துவாயும் பழைய பல் தூரிகையும் கொண்டுவந்தார். அந்த மண்ணைத் தண்ணீர் ஊற்றிச் சாக்கடையில் விட முடியாது. துவாயை விரித்து, ஒரு மணிகூடச் சிந்தாமல் மூன்று பேரும் தட்டினோம். அல்பிரட் அண்ணை முன்பு உணவகத்திலிருந்து கொண்டுவந்திருந்த சின்ன வெறும் மசாலாப் போத்தலில் அதை அடைத்து இறுக மூடி, சைக்கிள் பையில் வைத்தார். குழாயைத் துடைத்து, கிரீஸ் பூசி, சீட்டை மாமியின் உயரத்துக்குப் பூட்டினார். மாமி ஏறி உட்கார்ந்து முற்றத்தைச் சுற்றினார். டயர் ஈரத்தில் ஓடும் சத்தம் மட்டுந்தான் கேட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாமி அல்பிரட் அண்ணைக்கான கடிதத்தை எழுதிக் கையெழுத்திட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை, அது அவர் பழக்கமில்லை. அல்பிரட் அண்ணையின் சூட்கேசை மாமியே கீழே கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்தார். எண்ணெய்ப் போத்தலில் இன்னும் கோடு போடுகிறார்.

எங்கள் வீடுகளில் சின்ன அறைகளில் இருக்கிறவர்கள் பலர். அவர்களைப் பற்றி ஒரு சத்தம் கேட்டால், நின்று பார்த்தது போதாது, உட்கார்ந்தும் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதினேன். வாசித்த நீங்கள், அறை வாடகைக்குக் கொடுத்திருக்கும் யாராவது ஒருவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். மாமியின் பெயரோடு சொல்லலாம். அவரிடம் கேட்டேன். “ஆர் ஆருக்குச் சொல்லுகினம் எண்டு மட்டும் எனக்குத் தெரிய வேணும்” என்றார்.