பூட்டு சம்சாத்பீ கேட்ட மாப்பு

திண்டிவனத்தில் சம்சாத்பீ வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். பூட்டு சம்சாத்பீ என்று கேட்டுப் பாருங்கள், பள்ளிவாசலுக்குப் பின்தெரு, நாலாவது வீடு, வாசலில் முருங்கை மரம் என்று ஆளாளுக்கு வழி சொல்வார்கள். கதவில் தொங்குகிற பூட்டைச் சொல்லவில்லை. அவள் வாயைச் சொல்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவள் சம்சாத்பீ. அது சம்பளத்துக்குப் பார்த்த வேலை. சம்பளம் இல்லாமல் பார்க்கிற வேலை இன்னொன்று உண்டு. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பக்கத்தில் எந்த முஸ்லிம் பெண் இறந்தாலும் மய்யித்தைக் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். போவாள், குளிப்பாட்டுவாள், கபன் துணியைப் போர்த்திக் கொடுத்துவிட்டு ஒரு வாய் டீ கூடக் குடிக்காமல் வந்துவிடுவாள். அந்த உடம்பில் எதைப் பார்த்தாளோ அதைப் பற்றி மூச்சு விடமாட்டாள். பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது மார்க்கம். இறந்தவரின் உடம்பு குளிப்பாட்டுகிறவர் கையில் நம்பிக் கொடுத்த அமானிதம். ஒருமுறை ஒருத்தி, "அந்தம்மா கொண்டையில இருந்தது சொந்த முடியா, சவுரியா?" என்று வந்து குடைந்தாள். "உன்னைக் குளிப்பாட்டும்போது சொல்றேன்" என்று சொல்லி அனுப்பினாள் சம்சாத்பீ. பூட்டு என்ற பெயர் அன்றைக்கு வந்ததுதான்.

அந்தப் பூட்டும் ஒருநாள் திறந்துகொண்டது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அதே தெருவில் ஜுலைகாபீ இறந்துபோனாள். மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை. பார்த்துக்கொண்டவள் மருமகள் ரிஸ்வானா. குளிப்பாட்டும்போது ஜுலைகாபீயின் இரண்டு கைகளிலும் தோளுக்குக் கீழே விரல் பதிந்த மாதிரி கன்றிப்போய்க் கிடந்தது. கூட நின்று தண்ணீர் ஊற்றியவர்களும் பார்த்தார்கள், யாரும் பேசவில்லை. பேசியது சம்சாத்பீதான். வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷச் சிநேகம். மனசு கேட்காமல் சொல்லிவிட்டாள்.

"பாவம் யக்கா, யாரோ புடிச்சி இழுத்த மாதிரி ரெண்டு கையும் கன்னிப்போயி கெடந்துச்சி."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன பிரயோசனம்? கெங்கம்மாள் நல்லவள், யாருக்காவது காய்ச்சல் என்றால் முதல் ஆளாய்க் கஞ்சி கொண்டுபோவாள். ஆனால் காதில் விழுந்தது வயிற்றில் தங்காது. மறுநாள் சாயங்காலத்துக்குள் அந்த ஒரு வாக்கியம் கைகால் முளைத்து, மருமகள் அடித்தே சாகடித்தாள் என்று ஆகிவிட்டது. முதலில் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பூட்டு சம்சாத்பீ மேல் எவளும் சந்தேகப்பட்டிருக்க மாட்டாள். அந்த ரம்ஜானுக்கு ரிஸ்வானா வீட்டுக்கு யாரும் பலகாரத் தட்டு அனுப்பவில்லை. குழாயடிக்கு அவள் வந்தால் பேச்சு நின்றது. ஆறாவது மாசம் புருஷனும் பெண்டாட்டியும் விழுப்புரத்துக்கே குடி போய்விட்டார்கள்.

போனவள் போனாள் என்று சம்சாத்பீயும் இருந்துவிட்டாள். இதை நான் மறைக்கப் போவதில்லை. மருமகள் அடித்திருப்பாள் என்றுதான் அவளும் நம்பினாள்.

போன ஐப்பசியில் அவளுக்கு நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். ஒருநாள் குளியலறையில் வழுக்கப் பார்த்தவளை மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள். காலையில் பார்த்தால் கை நாவல்பழ நிறத்தில் இருந்தது, ஐந்து விரலும் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நர்ஸ் பிரபாவதி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பயப்படாதீங்கம்மா. இந்த மாத்திர துன்றவங்களுக்கு லேசா புடிச்சாலே கன்னிப்பூடும். வயசானவங்கள தூக்கி உக்கார வெச்சாலே இப்பிடித்தான் ஆவும்."

ஜுலைகாபீ தலைமாட்டில் இதே மாத்திரை அட்டை கிடந்தது சம்சாத்பீக்கு ஞாபகம் வந்தது. மூன்று வருஷம் அந்தப் பெண் ஒற்றை ஆளாய்த் தூக்கித் தூக்கி உட்கார வைத்த தடத்தையா அப்படிச் சொன்னோம் என்று ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அந்த நேரம் பார்த்து மக்காவுக்கு உம்ரா போக ஏற்பாடாகிவிட்டது. மகள்தான் அழைத்துப் போகிறாள். உம்ரா கிளம்புகிறவர்கள் தெரிந்தவர் வீட்டுக்கெல்லாம் போய் மாப்பு கேட்பது வழக்கம். அல்லாஹ்வுக்குச் செய்த தப்பை அவனிடம் கேட்டுக்கொள்ளலாம், மனுசருக்குச் செய்த தப்பை அந்த மனுசர்தான் மன்னிக்க வேண்டும். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மாப்பு பண்ணிடுங்க" என்று இவர்கள் சொல்வார்கள். "மாப்பு, மாப்பு, எங்களுக்கும் துவா செய்யுங்க" என்று அவர்கள் சொல்வார்கள். அரை நிமிஷ வேலை. ஒரே நாளில் நாற்பது வீடு முடித்தவர்கள் உண்டு.

சம்சாத்பீக்கு நாற்பது வீடும் முடிந்தது, ஒன்றைத் தவிர. நேராகப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"அந்தப் பேச்சு அவங்க காதுக்குப் போச்சா?" என்று கேட்டார் ஹஜ்ரத்.

"போச்சு. ஊர விட்டே போயிட்டா."

"போகலேன்னா, நீங்க போய்ச் சொல்லி நோகடிக்க வேணாம், அவங்களுக்காக துவா செஞ்சா போதும்னு சொல்லியிருப்பேன். போயிடுச்சே. அப்போ அது அவங்க ஹக்கு, மன்னிக்கிற உரிமை அவங்களுது. அவங்க கிட்டதான் கேக்கணும். இன்னொண்ணு, எந்த எடத்துல கெட்டதப் பேசினீங்களோ அதே எடத்துல நல்லதப் பேசணும்."

மாப்பு கிடைக்காவிட்டால் எந்த முகத்தோடு காபாவுக்கு முன்னால் நிற்பது? அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கெங்கம்மாளிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்போ அந்தப் பொண்ணு அடிக்கவே இல்லியா? அய்யய்யோ, நாலு வருசமா கரிச்சுக் கொட்டிக்கினு இருந்தனேடி! நீ கன்னிப்போச்சுன்னுதான் சொன்ன. அத அடியாக்கினது நானு. இரு, பொடவ மாத்திக்கினு வர்றேன்."

"உனக்கு எதுக்கு யக்கா?"

"ஏன், மாப்பு உங்களுக்குத்தான் குடுப்பாங்களா? எனக்குக் குடுக்க மாட்டாங்களா?"

விழுப்புரம் பஸ்ஸில் விக்கிரவாண்டி வரைக்கும் கெங்கம்மாள் வாயே திறக்கவில்லை. அதைப் பார்த்து சம்சாத்பீக்கு இன்னும் பயம் வந்தது.

ரிஸ்வானா கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். "பெரிம்மா! வாங்க, உள்ள வாங்க" என்று சந்தோஷமாய்க் கூப்பிட்டாள். உம்ரா போகும் செய்தியைச் சொன்ன சம்சாத்பீயின் நாக்கு, நாற்பது வீட்டுப் பழக்கத்தில் தானாகவே ஓடியது.

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது..."

"அய்யோ, என்ன பெரிம்மா? எல்லாம் மாப்புதான். உக்காருங்க, டீ வெக்கிறேன்."

முடிந்தது! கெங்கம்மாள் முழங்கையால் இடித்தாள். "அதான் சொல்லிட்டாளே, கெளம்பலாம்" என்று கிசுகிசுத்தாள். சம்சாத்பீக்கும் ஒரு கணம் எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் இன்னதென்று தெரியாமல் ஒருத்தி மன்னித்தால் அதை வாங்கிக்கொண்டு போவது திருட்டு இல்லையா?

"ரிஸ்வானா, டீ வேணாம். தெரியாமல்லாம் இல்லம்மா. தெரிஞ்சேதான். ஒன் மாமியாரு கை கன்னியிருந்துச்சுன்னு மொதல்ல சொன்னது நானு."

"ஊருக்கெல்லாம் சொன்னது நானு" என்றாள் கெங்கம்மாள், தரையைப் பார்த்தபடி.

சம்சாத்பீ சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டினாள். இரண்டு நாள் முன்னால் வாளி இடித்த இடம் கருநீலமாய் இருந்தது. மாத்திரை, நர்ஸ் சொன்னது எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ரிஸ்வானா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ்வளவு பேரு பேசும்போதும் நான் ஒண்ணு நெனச்சிக்கினு இருந்தேன் பெரிம்மா" என்றாள் கடைசியில். "குளிப்பாட்டினவங்க நீங்க. ஒரு புண்ணு இல்லாம அத்தைய எப்பிடி வெச்சிருந்தேன்னு உங்களுக்குத் தெரியும். என்னைக்காவது நீங்க வாயத் தொறப்பீங்க, அன்னிக்கு எல்லாம் சரியாப் பூடும்னு காத்துக்கினு இருந்தேன்."

உண்மைதான். மூன்று வருஷம் படுத்திருந்த அந்த உடம்பில் ஒரு படுக்கைப்புண் கூட இல்லை. அதை சம்சாத்பீ அன்றைக்கே பார்த்தாள். கெட்டதைச் சொன்ன வாய் அதைச் சொல்லவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ரிஸ்வானா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். "மாப்பு பண்றேன் பெரிம்மா. ஆனா என்கிட்ட சொன்னா போதுமா? அந்தத் தெருவுல சொல்லுங்க."

"சொல்லாம? நாளைக்குப் பொழுது போறதுக்குள்ள எல்லா வூட்டுக்கும் தெரியும், நான் எதுக்கு இருக்கறேன்?" என்றாள் கெங்கம்மாள். வந்ததிலிருந்து முதல்முறையாக ரிஸ்வானா சிரித்தாள்.

கெங்கம்மாள் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலைத் தண்ணீருக்குக் குழாயடியில் நின்று சம்சாத்பீ தன் கையைத் தூக்கிக் காட்டி, நடந்ததைத் தன் வாயாலேயே சொன்னாள். சிலர் முகம் சுளித்தார்கள். பூட்டு என்ற பெயருக்கு இனி நான் லாயக்கில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். மிச்சத் தெருவுக்குக் கெங்கம்மாள் கொண்டுபோனாள். இந்தத் தடவை ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் இரண்டு பேர் ரிஸ்வானாவின் போன் நம்பர் கேட்டு வந்தார்கள். சம்சாத்பீக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை வாசலில் வேன் வந்து நின்றது. வழியனுப்பத் தெருவே கூடியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரிஸ்வானா வந்தாள். நான்கு வருஷத்துக்கு அப்புறம் அந்தத் தெருவில் கால் வைத்தவளை, "எப்பிடிம்மா கீற?" என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். வேன் படி உயரமாக இருந்தது. சம்சாத்பீ தடுமாறியதும் ரிஸ்வானா ஓடிவந்து கையைப் பிடித்தாள். பிடித்தவள் ஞாபகம் வந்து சட்டென்று பிடியைத் தளர்த்தினாள்.

"கன்னிடப் போவுது பெரிம்மா."

"கன்னட்டும்மா" என்றாள் சம்சாத்பீ. "நல்லா புடி."